காணாமல் போன பத்து கிலோ

"என்னோட பத்து கிலோவைக் காணோம்," என்றார் வந்தவர்.

பம்பரம் புகார்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். கதவு நிலையை இரண்டு பக்கமும் உரசுகிற தோள். சட்டைக் கை முண்டாவைச் சுற்றி மூச்சுவிட முடியாமல் தவித்தது. மூக்குக்குக் கீழே இரண்டு கொம்புகள் போல மேல்நோக்கி முறுக்கிய மீசை. பத்து கிலோவைத் தொலைத்தவர் மாதிரியே இல்லை. வழியில் வேறு யாருடையதோ இருபது கிலோவைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

"சர்க்கரையா, சிமெண்ட்டா?" என்று கேட்டான்.

"பலம்," என்றார் அவர்.

பம்பரம் எழுதியதை அடித்துவிட்டு 'பலம்' என்று எழுதினான். அதற்குப் பக்கத்தில் 'நிறம், அடையாளம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பேனாவைக் கடித்தான்.

இந்தக் கடையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வாசல் பலகையில் 'தராசு பழுது பார்க்கப்படும்' என்று பெரிதாகவும், அதன் கீழே 'துப்பும் துலக்கப்படும்' என்று சின்னதாகவும் எழுதியிருக்கும். இரண்டையும் செய்கிறவர் ஒரே ஆள்: பம்பரத்தின் அண்ணி. பதினெட்டு வருடமாக எல்லா வகைத் தராசையும் பிரித்து மாட்டியவர். எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். அது முள்ளாக இருந்தால் என்ன, மனுஷனாக இருந்தால் என்ன என்பது அவருடைய கட்சி. பம்பரம் அவர் கணவருக்குத் தம்பி. ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்பதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் விண்ணப்பப் படிவங்களில் மட்டும் உயிரோடு இருந்தது. தராசு சுமப்பது, குறிப்பு எழுதுவது, தப்பான ஆளைச் சந்தேகப்படுவது ஆகிய மூன்றும் அவன் பொறுப்பு.

"உக்காருங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் அண்ணி, கையிலிருந்த ஸ்பிரிங்கைக் கீழே வைக்காமல்.

வந்தவர் முடிதிருத்துபவர். இரண்டு தெரு தள்ளிக் கடை. "பெஞ்ச் பிரஸ்ல நூறு கிலோ போடுவேன் மேடம். மூணு மாசமா, வாரம் தவறாம. போன வாரத்துலேர்ந்து தொண்ணூறுக்கு மேல ஒரு இஞ்சு ஏற மாட்டேங்குது. காய்ச்சல் இல்ல. தூக்கம் கெடல. அதே ஜிம், அதே பெஞ்சு, அதே ராடு. அந்தப் பத்து கிலோ எங்க போச்சு?"

பெஞ்ச் பிரஸ் என்பது பார்க்க எளிமையான சமாசாரம். ஒரு பெஞ்சில் மல்லாந்து படுக்க வேண்டும். தலைமாட்டில் இரண்டு கம்பங்கள், அவற்றில் இரண்டு கொக்கிகள். கொக்கிகளின் மேல் எடை மாட்டிய ராடு கிடக்கும். படுத்தவர் கைகளை நீட்டி அதை எடுத்து, மார்பு வரை இறக்கி, மறுபடி மேலே தள்ள வேண்டும். அவ்வளவுதான். தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தை கிலுகிலுப்பைக்குக் கை நீட்டுவது போலத்தான் இருக்கும், கிலுகிலுப்பை நூறு கிலோ என்பதைத் தவிர.

"இதுல அவசரம் என்ன?" என்று அண்ணி கேட்டார்.

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போட்டி. எங்க ஜிம்முக்கும் எதிர் ஜிம்முக்கும். எதிர் ஜிம்முல ஒரு பேக்கரிக்காரர் இருக்கார். என் வாய் சும்மா இருக்காம, நூறு போடலேன்னா மேடையிலேயே மீசைய எடுத்துடறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"எடுத்தா வளராதா?" என்றான் பம்பரம்.

மீசைக்காரர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, என் கடைக்குப் பேரு கிடையாது. பலகைல இந்த மீசையத்தான் வரைஞ்சு வச்சிருக்கேன். எல்லாரும் மீசைக்கடைன்னுதான் சொல்லுவாங்க. மொழுமொழுன்னு மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அந்தப் பலகைக்குக் கீழ நின்னா, வேற யாரோ வேலைக்கு வந்திருக்கான்னு நெனச்சுப் போயிடுவாங்க."

"யார் மேலயாவது சந்தேகம் உண்டா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மச்சான் மேல. என் வீட்டுக்காரியோட தம்பி. அவன் எனக்குப் பின்னால வந்து நிக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்துதான் இது."

பம்பரம் புத்தகத்தை மூடினான். "அண்ணி, கேஸ் முடிஞ்சுது. மச்சான்தான்."

"உனக்கு எல்லா கேஸும் நாற்காலிய விட்டு எழுந்திருக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். மேடைத் தராசை எடுத்துத் தோள்ல வை."

*

ஜிம் ஒரு பழைய கிடங்கு. உயரமான ஜன்னல்கள், சுவர் முழுக்கக் கண்ணாடி, தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பு. மத்தியான நேரமானதால் யாரும் இல்லை. பம்பரம் தராசை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணாடியில் தன் முண்டாவை மடக்கிப் பார்த்தான். கண்ணாடி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அண்ணி முதலில் எடைகளை நிறுத்தார். நான்கு பிளேட்டுகள். மூன்று, சொல்லி வைத்தாற்போல இருபது கிலோ. நாலாவது அறுபது கிராம் குறைச்சல். ராடு இருபது. ஆக மொத்தம் நூறு, அதிலும் அறுபது கிராம் மீசைக்காரருக்குச் சாதகம்.

"ராடும் பிளேட்டும் நிரபராதி," என்று எழுதிக்கொண்டான் பம்பரம்.

கொக்கிகளின் உயரத்தை யாராவது மாற்றிவிட்டார்களா? கம்பத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தன. கொக்கி செருகியிருந்த துளையைச் சுற்றி மட்டும் பெயிண்ட் தேய்ந்து பளபளத்தது. மற்றவற்றில் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஆக, அதுவும் மாறவில்லை.

அண்ணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தராசுக் கடையில் அவருக்கு ஒரு முறை உண்டு. எடைக்கல் சரி, முள் சரி, ஆனாலும் கணக்குத் தப்பு என்றால் அவர் தராசின் மேல்பக்கத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். பத்துக்கு எட்டு தடவை நாலு காலில் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும்.

"நீங்க ராடைத் தள்றப்போ உங்களுக்கு அடிப்பக்கம் எது?" என்று கேட்டார்.

மீசைக்காரர் யோசித்தார். "முதுகு. தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னால இழுத்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டற மாதிரி வச்சுக்கிட்டு, அது மேலதான் படுப்பேன். நெஞ்சு தானா நிமிர்ந்து நிக்கும். அந்த ரெண்டு எலும்பும் பெஞ்சுல ஊணினாத்தான் தள்ள முடியும்."

"அது ரெண்டும்தான் உங்க கால்," என்றார் அண்ணி. "உங்க மச்சானைக் கூப்பிடுங்க. அவரை வச்சே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. எடை கம்மியாப் போதும்."

மச்சான் பத்து நிமிடத்தில் வந்தார். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குகிறவர். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தோளில் ஒரு வடக்கயிறு, முகத்தில் பச்சைக் குழந்தையின் சிரிப்பு.

"மாமா, என்னை வேவு பாக்க ஆள் வச்சிருக்கீங்களாமே?"

"வேவு இல்லடா. சும்மா விசாரணை."

"எனக்கு ஒண்ணுமில்ல. எங்கக்காவுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் விசாரணை."

மீசைக்காரர் அறுபது கிலோவை மாட்டிவிட்டுப் படுத்தார். லாரிக்காரர் தலைமாட்டில் நின்று, ராடின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்தார். ஜிம்மில் இப்படிப் பின்னால் நிற்பதை 'சப்போர்ட்' என்பார்கள். ராடைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுப்பது முதல் வேலை. நடுவில் கை ஓய்ந்தால் பிடித்துக்கொள்வது இரண்டாவது வேலை.

"ஒண்ணு, ரெண்டு, தூக்கு," என்றார் மீசைக்காரர்.

லாரிக்காரர் தூக்கினார். ராடு கொக்கியை விட்டு நாலு விரற்கடை மேலே போயிற்று. உடனே கையை எடுத்துவிட்டு ஒரு எட்டு பின்னால் போனார். ராடு மீசைக்காரரின் மூக்குக்கு நேர்மேலே ஒரு கணம் ஆடியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை மார்புக்கு நேரே இழுத்து, இறக்கி, தள்ளி, திரும்பக் கொக்கியில் போட்டார்.

"எழுந்திருங்க," என்ற அண்ணி, பெஞ்சின் கறுப்பு ரெக்சினைக் குனிந்து பார்த்தார். வியர்வை ஈரம் ஈரத்துணியால் இழுத்துத் துடைத்தது போல அகலமாகப் பரவிக் கிடந்தது. "ரெண்டு எலும்பு ஊணின தடம் எங்க? இது ஆள் வழுக்கின தடம் மாதிரில்ல இருக்கு."

"அறுபதுக்கே வழுக்கினா நூறுக்கு பெஞ்சை விட்டே இறங்கிப் போயிடுவாரு," என்றான் பம்பரம்.

"இவருக்கு முன்னாடி யார் சப்போர்ட் குடுத்தாங்க?"

"என் வீட்டுக்காரி. ஆஸ்பத்திரில நர்ஸ். போன வாரத்துலேர்ந்து அவளுக்கு மத்தியான ஷிப்ட், வர முடியல. அதான் இவன்."

பம்பரத்தின் மூளையில் மணி அடித்தது. அது அடிக்கிற மணி எப்போதுமே பக்கத்து வீட்டு மணியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவான்.

"அண்ணி, இப்பப் புரிஞ்சு போச்சு. இவர் எதையும் தொலைக்கல. அந்தப் பத்து கிலோ இவர்கிட்ட இருந்ததே இல்ல. மூணு மாசமா அந்த அக்கா ராடை விடாமப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. தொண்ணூறு இவரோடது. மிச்சம் பத்து வீட்டம்மாவோடது."

லாரிக்காரர் களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார்.

மீசைக்காரர் மெதுவாக எழுந்தார். "மூணு மாசமா நான் போட்டது என்னோட நூறு இல்லையா?" என்றார். மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்படின்னா அஞ்சு மணி வரைக்கும் எதுக்கு? இப்பவே எடுத்துடறேன்."

தன் பையைத் திறந்து சவரக்கத்தியைத் தேட ஆரம்பித்தார். பம்பரம் பையைப் பறித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"பொறுங்க. நான் சொன்னது என்னிக்கும் சரியா இருந்ததில்ல. வேணும்னா அண்ணியக் கேளுங்க."

"உண்மைதான்," என்றார் அண்ணி. "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

*

மூன்றாவது மாடி வார்டுக்கு வெளியே அகலமான நடைக்கூடம். மீசைக்காரரின் மனைவி ஒரு தள்ளுகட்டிலைக் காலால் நிறுத்திக்கொண்டிருந்தார். சின்ன உருவம். அவருக்கும் தம்பிக்கும் ஒரே ஜாடை, ஆனால் தம்பியை மடித்து நாலாகப் போட்டால்தான் அந்த அளவுக்கு வரும்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்," என்றான் பம்பரம்.

"எல்லாருக்கும் சிஸ்டர். நிஜ சிஸ்டர் எனக்கு மட்டுந்தான்," என்று லாரிக்காரர் பெருமையாகச் சொன்னார்.

"டேய், சத்தம் போடாத. என்னங்க, போட்டிக்குப் போகாம இங்க என்ன பண்றீங்க? முகம் ஏன் இப்படி இருக்கு?" அதற்குள் உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "இருங்க, இந்த ஐயாவக் கட்டிலுக்கு மாத்திட்டு வந்துடறேன்."

கதவு திறந்தே இருந்தது. தள்ளுகட்டிலைப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் ஒரு நர்ஸ், இந்தப் பக்கம் இவர். விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தார்கள். "ஒண்ணு, ரெண்டு, தூக்கு." பெரியவர் படுக்கையில் இருந்தார். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அண்ணியின் புருவம் மேலே ஏறியது.

மீசைக்காரரின் மனைவி வெளியே வந்ததும் அண்ணி நேராகக் கேட்டார். "இவர் நூறு கிலோ போட்டப்போ நீங்க ராடைப் பிடிச்சிருந்தீங்களா?"

"ஆமாம், பிடிச்சிருந்தேன்."

மீசைக்காரர் சுவரில் சாய்ந்தார். மீசையின் ஒரு முனை தானாகக் கீழே இறங்கியது போலப் பம்பரத்துக்குத் தோன்றியது.

"எவ்வளவு நேரம்?"

"அவர் தோளுக்கு நேர் மேல வந்து நிக்கற வரைக்கும். அப்புறம் விட்டுடுவேன்."

"நடுவுல கொஞ்சம் ஒத்தாசை?"

"நான் எதுக்குங்க ஒத்தாசை பண்றேன்? அந்த நேரத்துலதான் எனக்குக் கை ரெண்டும் சும்மா இருக்கும். முடி கட்டிக்குவேன்."

"அதுக்குச் சாட்சி இருக்கா?" என்றான் பம்பரம்.

"என் போன்ல இருக்கு," என்றார் லாரிக்காரர். ஒரு மாதத்துக்கு முன் அக்காவைக் கூட்டிப் போக வந்தபோது எடுத்த வீடியோ. எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். படத்தில் மீசைக்காரர் நூறு கிலோவுக்குக் கீழே தக்காளி நிறத்தில் படுத்திருக்கிறார். ராடு மார்பைத் தொட்டு மேலே ஏறுகிறது. பின்னால் அவர் மனைவி, வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கொண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ரெண்டு கையும் கொண்டையில," என்றார் அண்ணி. "ராடைப் பிடிக்க மூணாவது கை கிடையாது. நூறும் உங்களோடதுதான்."

மீசைக்காரர் போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "நான் அங்க செத்துக்கிட்டு இருக்கேன், நீ கொண்டையா போட்டுக்கிட்டிருந்த?"

"பின்ன, உங்க மூஞ்சிய வேற பாக்கணுமா? அது சரி, என் தம்பிய எதுக்கு இழுத்துக்கிட்டு அலையறீங்க? அவனைச் சந்தேகப்பட்டீங்களா?"

"சும்மா விசாரணைதான்," என்றார் மீசைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு.

பம்பரத்துக்கும் இப்போது அவசரம் பிடித்துக்கொண்டது. ராடில் வேறு யார் கையும் இல்லை. எடை சரி. ஆனால் பத்து கிலோ இன்னும் கிடைக்கவில்லை. சுவர்க் கடிகாரம் இரண்டேமுக்கால் காட்டியது.

"பம்பரம், அந்தத் தள்ளுகட்டில்ல ஏறிப் படு," என்றார் அண்ணி.

"எனக்கு ஒண்ணுமில்லையே அண்ணி."

"சொல்றதச் செய். சிஸ்டர், இவனைக் கொஞ்சம் உள்ள இருக்கற காலிக் கட்டிலுக்கு மாத்துங்க."

பம்பரம் படுத்தான். சின்ன வயதிலிருந்தே யாராவது தன்னைத் தூக்கினால் அவனுக்குக் கூச்சம். கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணு, ரெண்டு, தூக்கு." அவன் மேலே போகக் காத்திருந்தான். காத்துக்கொண்டே இருந்தான்.

"எப்பத் தூக்குவீங்க?"

"கண்ணத் தெறந்து பாரு," என்றார் அண்ணி. அவன் கட்டிலில் கிடந்தான். "சிஸ்டர், தூக்குன்னு சொன்னீங்க. ஆனா தூக்கவே இல்லையே."

நர்ஸ் சிரித்தார். "எங்க வார்டுல தூக்குன்னா யாரும் தூக்கமாட்டாங்க மேடம். ஒரு நாளைக்கு முப்பது பேரைத் தூக்கினா எங்க முதுகு என்னாகறது? பாரத்தை விரிப்போட லேசா எடுத்து, அப்படியே பக்கவாட்டுல நகர்த்தணும். அதுக்குப் பேருதான் தூக்கு."

அண்ணி லாரிக்காரர் பக்கம் திரும்பினார். "உங்க லாரியில தூக்குன்னா என்ன?"

"தூக்குன்னா தூக்குதான் மேடம். வாசப்படி இடிக்காம உசரமாத் தூக்கணும். அடுத்த ஆள் கையில போனதும் சட்டுனு விட்டு விலகிடணும். விடாம நின்னா விரல் நசுங்கிடும்."

பம்பரம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கே புரிந்துவிட்டது; அதனால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அண்ணி விளக்கினார். ராடு கொக்கியில் இருக்கும்போதே மீசைக்காரரின் கைகள் கிட்டத்தட்ட முழுசாக நீண்டிருக்கும். அதற்கும் மேலே நாலு விரற்கடை தூக்கினால் கை எங்கே போகும்? தோளையும் கூடவே இழுத்துக்கொண்டுதான் போகும். ஊன்றியிருந்த இரண்டு எலும்புகளும் பெஞ்சிலிருந்து பெயர்ந்துவிடும். அதோடு, ராடை முகத்துக்கு மேலேயே விட்டுவிட்டால், அங்கிருந்து தோளுக்கு நேரே கொண்டுவர அவர் தனியாகப் போராட வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கால் ஆடி, கை களைத்து, பத்து கிலோ காலி. அவர் மனைவி வெறுமனே நகர்த்தினார். எலும்பு அசையவில்லை, கை களைக்கவில்லை.

"வார்த்தை ஒண்ணுதான்," என்றார் அண்ணி. "ஆஸ்பத்திரில அதுக்கு ஒரு அர்த்தம், லாரில ஒரு அர்த்தம். உங்க மச்சான் நீங்க சொன்னத அப்படியே செஞ்சிருக்கார்."

மீசைக்காரர் மச்சானின் தோளில் கை வைக்கப் போனார். கை எட்டுகிற உயரத்தில் தோள் இல்லாததால் முழங்கையில் வைத்தார். "தப்பா நெனச்சுட்டேன்டா."

"விடுங்க மாமா. இன்னிக்கு நகர்த்திடறேன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

*

ஐந்து மணிக்கு ஒரு பள்ளிக்கூட அரங்கு நிரம்பி வழிந்தது. மேடை நடுவில் பெஞ்சு. மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு கிண்ணம் தண்ணீர், மடித்து வைத்த வெள்ளைத் துண்டு. எல்லாம் பேக்கரிக்காரரின் ஏற்பாடு. துண்டு வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று கடை அடுப்பின் மேல் வைத்து எடுத்து வந்திருந்தார்.

ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. ராடை எடுத்துக் கொடுக்கச் சொந்த ஆள் ஒருவர் நிற்கலாம். கொடுத்ததும் விலகிவிட வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஆட்கள் உண்டு.

மீசைக்காரர் படுத்தார். லாரிக்காரர் ராடில் கை வைத்தார். மூன்று மாதப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஒண்ணு, ரெண்டு, தூக்கு."

பதினைந்து வருட லாரிப் பழக்கத்தில் கை முந்திக்கொண்டது. ராடு வாசப்படி தாண்டுகிற உயரத்துக்குப் போனது. லாரிக்காரர் சட்டென்று விட்டு விலகினார். ராடு மார்புக்கு இறங்கி, பாதி வழி ஏறி, அங்கேயே நின்று நடுங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பேக்கரிக்காரர் துண்டை உதறினார்.

மேடைக்குப் பின்னால் லாரிக்காரர் அழுதுவிடுகிற நிலையில் இருந்தார். "நகர்த்தணும் நகர்த்தணும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் மேடம். தூக்குன்னு காதுல விழுந்ததும் கை அதுபாட்டுக்குத் தூக்கிடுச்சு."

"நகர்த்துன்னு சொன்னா?"

"நகர்த்துன்னா எங்க ஆளுங்க தரையோட தள்ளுவாங்க. ராடு கொக்கிய விட்டே வராது."

"இவருக்கு இருக்கற வார்த்தை எல்லாமே தப்பு," என்றான் பம்பரம். "பேசாம ஊமை ஜாடையில சொல்லிடலாம்."

அண்ணி லாரிக்காரரைக் கேட்டார். "உங்க லாரியில தூக்கவும் கூடாது, தள்ளவும் கூடாதுன்னு எந்தச் சாமானாவது உண்டா?"

"மீன் தொட்டி," என்றார் லாரிக்காரர் யோசிக்காமலே. "தண்ணியோட இருக்கற மீன் தொட்டி. உசரத் தூக்கினா தண்ணி ஆடி மீன் வெளில குதிச்சுடும். தள்ளினா அடிக்கண்ணாடி விரிஞ்சுடும். மேசையோட மேசைய ஒட்டி வச்சு, ஒரு நூல் அளவு எழுப்பி, மட்டமா அந்த மேசைக்குக் கொண்டு போகணும். அங்க நல்லா உக்காந்துடுச்சான்னு கையால உணர்ந்துட்டுத்தான் விடணும். அதுல அவசரமே கூடாது."

சொல்லி முடித்த பிறகு அவர் வாய் திறந்தபடியே நின்றது. மீசைக்காரரும் பம்பரமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வேலைதான்," என்றார் அண்ணி. "பேர்தான் மாத்திக் கூப்பிட்டோம்."

இரண்டாவது வாய்ப்பு. மீசைக்காரர் படுத்தார். தோள்பட்டை எலும்புகளை ஒட்டி இழுத்து, பெஞ்சில் ஊன்றினார். ராடைப் பிடித்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மீன் தொட்டி."

நடுவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முன்வரிசையில் யாரோ "என்னது?" என்றார்கள்.

ஆனால் லாரிக்காரரின் முகம் மாறிவிட்டது. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டார். ராடு கொக்கியின் உதட்டை மட்டும் தாண்டியது. அதற்கு மேல் ஒரு நூல் ஏறவில்லை. மட்டமாக, மெதுவாக, முகத்தைக் கடந்து தோளுக்கு நேரே வந்தது. அங்கே நின்றது. லாரிக்காரர் விடவில்லை. மாமாவின் கைகள் பாரத்தை வாங்கிக்கொள்வதைத் தன் உள்ளங்கையில் உணர்கிற வரை காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்து, ஓசைப்படாமல் விலகினார்.

ராடு இறங்கியது. மார்பைத் தொட்டது. ஏறியது, பாதி வழியில் கொஞ்சம் தயங்கியது, பேக்கரிக்காரர் நாற்காலியை ஒரு அங்குலம் முன்னால் தள்ளினார், ராடு அவரை மதிக்காமல் மேலே போய்விட்டது. நூறு செல்லும் என்று மூன்று வெள்ளை விளக்குகள் எரிந்தன.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மீசைக்காரர் மச்சானைக் கட்டிப்பிடிக்கப் போய், தானே தூக்கப்பட்டுத் தரையிலிருந்து நாலு அடி உயரத்தில் காலை உதைத்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் நகர்த்தவில்லை. அது சரியான தூக்கு.

"அண்ணி, கேஸ் கட்டுல என்ன எழுதட்டும்?" என்று பம்பரம் பேனாவைத் திறந்தான். "திருடன் பேரு கட்டம் காலியா இருக்கு."

"அத அடிச்சுடு. கீழ எழுது," என்றார் அண்ணி. அவர் சொல்லச் சொல்ல, அவன் எழுதினான்:

'ராடைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் அதை உயரத் தூக்கக் கூடாது. கொக்கியைத் தாண்டும் அளவு மட்டும் எழுப்பி, மட்டமாகக் கொண்டுவந்து, படுத்திருப்பவரின் தோளுக்கு நேர்மேலே நிறுத்த வேண்டும். அவர் கை பாரத்தை வாங்கிக்கொண்டது தெரிந்த பிறகே விட வேண்டும். எந்தச் சொல்லுக்கு இதைச் செய்வது என்று இருவரும் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.'